இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர்

குழந்தைகள் வார்டில் சில கட்டில்களுக்குக் கீழே தரையில் ஒரு பாட்டில் இருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர், அதில் முனை மூழ்கிய ஒரு குழாய். குழாயின் மறுமுனை மேலே போய், படுத்திருக்கும் குழந்தையின் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து, தையலும் பிளாஸ்திரியுமாக நிற்கும். டாக்டர்கள் அதை ஐசிடி என்பார்கள். வீட்டார், "நெஞ்சுல டியூப் போட்டு சீழ் எடுக்கறாங்க" என்று ஊருக்கு போனில் சொல்வார்கள். குழந்தையைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போகும் அம்மா, பாட்டிலையும் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் சிஸ்டர் பதறிக்கொண்டு வருவார்: "மேல தூக்காதீங்கம்மா, இடுப்புக்குக் கீழயே பிடிங்க!"

சிஸ்டர் அதட்டுவதற்குக் காரணம் உண்டு. பாட்டில் நெஞ்சு மட்டத்தைத் தாண்டி மேலே போனால் அதிலுள்ள அழுக்குத் தண்ணீர் முழுவதும் குழந்தையின் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். கீழேயே இருக்கும்வரை சீழும் காற்றும் வெளியே வரும், எதுவும் உள்ளே போகாது. இந்த ஒருவழிப் பாதையைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கண்டுபிடித்த பிறகும் அதை ஒப்புக்கொள்ள இன்னும் நாற்பது ஆண்டுகளும் ஒரு உலகப்போரும் தேவைப்பட்டன.

முதலில் நோயைச் சொல்லிவிடலாம். நுரையீரலைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வழுக்கலுக்காகச் சிறிதளவு திரவம் மட்டும். அந்த இடைவெளியில் எப்போதும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுகிறது. அதனால்தான் விலாக்கூடு விரியும்போது நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது. பாக்டீரியா நிமோனியா வந்த குழந்தைக்கு இந்த இடைவெளியில் நீர் கோக்கலாம். கிருமி அங்கேயும் எட்டிவிட்டால் அந்த நீர் சீழாகிறது. இதுதான் எம்பயமா. ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்காமல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகிக்கொண்டு, ஒரு பக்கமாகவே ஒருக்களித்துக் கிடக்கும் குழந்தையைப் பார்த்தால் அனுபவமுள்ள டாக்டருக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கும். ஸ்கேன் வைத்துப் பார்த்தால் சீழ் தெரியும், அதற்குள் ஃபைப்ரின் இழைகள் தடுப்புகள் கட்டத் தொடங்கியிருப்பதும் தெரியும்.

சீழ் எங்கிருந்தாலும் வெளியேற வேண்டும் என்பது நம் பாட்டிமார் கட்டிக்குப் பற்றுப்போட்ட காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஹிப்போக்ரட்டீஸுக்கும் தெரியும். அவர் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் நெஞ்சுச் சீழ் பற்றி வியக்கத்தக்க நுணுக்கம் இருக்கிறது. நோயாளியின் தோளைப் பிடித்து உலுக்கி, விலாவில் காது வைத்து, எந்தப் பக்கம் சளசளக்கிறது என்று கேட்கச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் வெட்டி, சீழைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துணித்திரி செருகி, வெதுவெதுப்பான ஒயினும் எண்ணெயும் விட்டுக் கழுவி, கடைசியில் தகரத்தாலான குழாய் ஒன்றை வைக்கிறார்கள். மொத்தச் சீழும் ஒரேயடியாக வெளியே வந்தால் ஆள் இறந்துபோவார் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஏன் இறக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கண்ணால் கண்டதைச் சரியாகவே எழுதிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் எழுதிச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. வெட்டினால் பெரும்பாலும் சாவு, வெட்டாவிட்டாலும் பெரும்பாலும் சாவு. பாரிஸின் மிகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் கியோம் டுப்யூட்ரனுக்கே நெஞ்சில் சீழ் கட்டியது. வாழ்நாளெல்லாம் பிறர் உடலில் கத்தி வைத்தவர், தன் நெஞ்சில் கத்தி வைக்க இசையவில்லை. 1835 பிப்ரவரியில் இறந்தார். தன் தொழிலின் வெற்றிக் கணக்கை உள்ளிருந்து அறிந்தவர் எடுத்த முடிவு அது.

வெட்டினால் ஏன் சாவு? நெஞ்சைத் திறந்தால் சீழ் வெளியே வருகிறது, அதே துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது. இடைவெளியின் குறைந்த அழுத்தம் போய்விடுகிறது. நுரையீரல் சுருங்கிக்கொள்கிறது. ஊசியால் குத்தி உறிஞ்சினால் இந்த ஆபத்து இல்லை. பாஸ்டனில் ஹென்றி பௌடிச் 1850 முதல் அதைச் செய்தார். 1869-இல் பாரிஸில் டியூலஃபோவா அதற்கென்றே ஒரு உறிஞ்சுகருவி செய்தார். நீர் என்றால் ஊசி போதும். சீழ் மறுநாளே மறுபடி ஊறிவிடும், ஊசியையும் அடைத்துக்கொள்ளும். ஆக, தொடர்ந்து திறந்திருக்கவும் வேண்டும், காற்றுக்கு மூடியிருக்கவும் வேண்டும்.

விடை ஒரு குழந்தையின் நெஞ்சில் கிடைத்தது. டுப்யூட்ரன் இறந்த அதே 1835-இல் பிறந்த இரண்டு பேர் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். ஒருவர் வில்லியம் ஸ்மோல்ட் பிளேஃபேர். இளவயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்து, சிறிது காலம் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவப் பேராசிரியராகவும் இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர். அங்கே கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பெயர் பெற்றார். பெண்களையும் குழந்தைகளையும் ஒரே மருத்துவரே பார்த்த காலம் என்பதால் சீழ் கட்டிய குழந்தைகளும் அவரிடம் வந்தார்கள். 1870-களின் தொடக்கத்தில் அப்படியொரு குழந்தையின் நெஞ்சில் ரப்பர் குழாய் வைத்து, அதன் வெளிமுனையைத் தண்ணீருக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். 1876-இல் கிரெஸ்வெல் ஹியூவெட் என்ற இன்னொரு மருத்துவரும் இதேபோன்ற தொடர் வடிகாலை எழுதினார்.

தண்ணீர் என்ன செய்கிறது? இளநீரில் போட்ட ஸ்ட்ராவை ஊதினால் குமிழி வெளியேறும். உறிஞ்சினால் காற்று வராது, இளநீர்தான் ஸ்ட்ராவில் ஏறும். நெஞ்சும் அதையே செய்கிறது. மூச்சை விடும்போதும், இருமும்போதும், அழும்போதும் உள்ளே அழுத்தம் கூடிச் சீழையும் காற்றையும் வெளியே தள்ளுகிறது. மூச்சை இழுக்கும்போது பாட்டில் தண்ணீர் குழாயில் சில சென்டிமீட்டர் மேலே ஏறி நிற்கிறது. மூச்சுத் திணறும் குழந்தை 20 சென்டிமீட்டருக்கும் மேல்கூட இழுக்கும். அதனால்தான் பாட்டில் அதைவிட வெகு கீழே தரையில் இருக்க வேண்டும். குழாய் முனை தண்ணீருக்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் போதும். பத்து சென்டிமீட்டர் மூழ்கினால் அந்த ஆழத்தின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளக் குழந்தைக்குத் தெம்பு இருக்காது. முனை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால், பாட்டில் இருந்தும் பயனில்லை, நெஞ்சு திறந்துகிடப்பதற்குச் சமம்.

இரண்டாமவர் ஹாம்பர்க் நகரத்து காட்ஹார்ட் பியூலாவ். அவர் அறுவை மருத்துவர் அல்ல, பொது மருத்துவர். விலா இடுக்கில் ட்ரோக்கார் என்ற குழலுள்ள குத்தூசியைச் செலுத்தி, ஊசியை உருவிவிட்டு, குழல் வழியாக ரப்பர் வடிகுழாயை நுழைத்து, காற்றுப் புகாதபடி கிடுக்கி போட்டு, நீண்ட குழாயால் தரையிலுள்ள கிருமிநாசினிக் கரைசல் பாட்டிலில் இறக்கினார். உயர வித்தியாசமே உறிஞ்சுவிசையைத் தந்தது. 1875-இல் முதலில் செய்து பார்த்தவர், 1891-இல்தான் விரிவாக எழுதி வெளியிட்டார். பதினாறு ஆண்டுகள் கையில் வைத்திருந்தார் என்றால் அடக்கமா, எச்சரிக்கையா, சோம்பலா தெரியாது. ஜெர்மனியில் இன்றும் நெஞ்சுக் குழாய்க்கு அவர் பெயர்தான்.

பியூலாவ் பார்த்த முக்கியமான விஷயம், சீழ் வெளியேறுவது பாதி வேலைதான் என்பது. சுருங்கிய நுரையீரல் திரும்ப விரிந்து அந்த இடத்தை நிரப்பினால்தான் நோய் தீரும். காலியாக விட்ட பள்ளத்தில் சீழ் மறுபடி ஊறும். அறுவை மருத்துவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு நெஞ்சைத் திறந்துவைப்பதே முறையான சிகிச்சை என்று நின்றார்கள். அதில் நுரையீரல் விரியாமல் நின்றுபோன நோயாளிகளுக்கு என்ன செய்வது என்று யோசித்தவர்களில் ஒருவர் மாக்ஸ் ஷீடே. பள்ளத்தின் மேலுள்ள விலா எலும்புகளை வரிசையாக நீக்கி, நெஞ்சுச் சுவரையே உள்ளே சரியவிடும் கொடூரமான அறுவையை 1890-இல் முன்வைத்தார். இதில் என்னை உறுத்துவது அவரும் ஹாம்பர்க்கில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பது. ஒரே ஊரில் ஒருவர் நுரையீரலைச் சுவர்வரை விரியவைக்கப் பார்க்கிறார், இன்னொருவர் சுவரை நுரையீரல்வரை இடித்துக் கொண்டுவருகிறார்.

அறுவை மருத்துவர்கள் முட்டாள்களும் அல்ல. அவர்கள் அதிகம் பார்த்தது நிமோகாக்கஸ் உண்டாக்கும் சீழ். அது நிமோனியா தணிந்த பின் மெதுவாகத் திரண்டு கெட்டியாகும். அதற்குள் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நுரையீரலை அதன் இடத்திலேயே பிடித்துவைத்திருக்கும். அந்தக் கட்டத்தில் நெஞ்சைத் திறந்தாலும் நுரையீரல் முழுக்கச் சுருங்காது. பழுக்கும்வரை காத்திருந்த பழைய கிரேக்கர்களின் நோயாளிகள் சிலர் பிழைத்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். பழுத்த கட்டியில் கிடைத்த வெற்றியை எல்லாச் சீழுக்கும் பொருத்தியதில்தான் தவறு நடந்தது.

1917-18 குளிர்காலத்தில் அந்தத் தவறு வெட்டவெளிச்சமானது. முதல் உலகப்போருக்காக அமெரிக்கா அவசரமாகக் கட்டிய ராணுவ முகாம்களில் கிராமத்துப் பையன்கள் ஆயிரக்கணக்கில் வந்து நெருங்கிக் கிடந்தார்கள். முதலில் தட்டம்மை பரவியது. அதன் பின்னால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியா வந்தது. இந்தக் கிருமி வேறு ரகம். நிமோனியா உச்சத்தில் இருக்கும்போதே நெஞ்சில் நீர்த்த சீழை லிட்டர் கணக்கில் சேர்க்கும். உறைகள் ஒட்ட நேரமே இருக்காது. முகாம் மருத்துவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி விலாவை வெட்டி நெஞ்சைத் திறந்தார்கள். சராசரியாகப் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். சில முகாம்களில் சாவு இதைவிட மிக அதிகம்.

ராணுவம் 1918-இல் எம்பயமா ஆணையம் ஒன்றை அமைத்தது. அதில் இருந்த இளைஞர் எவார்ட்ஸ் கிரஹாம், ரிச்சர்ட் பெல்லோடு சேர்ந்து நாய்களின் நெஞ்சிலும் இறந்தவர்களின் உடல்களிலும் அழுத்தத்தை அளந்தார். ஒரு பக்க நெஞ்சைத் திறந்தால் அந்தப் பக்க நுரையீரல் மட்டும்தான் சுருங்கும், மற்றது பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அளந்தபோது அது பொய்யானது. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவிலிருக்கும் சுவர் இளகியது, அசையக்கூடியது. ஒரு பக்கம் துளைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பாதிக்கப்படும். ஏற்கெனவே நிமோனியாவில் பாதி அடைபட்ட நுரையீரலோடு மூச்சு வாங்கும் ஒருவனுக்கு அது மரண தண்டனை. சின்னக் குழந்தைகளுக்கு அந்த நடுச்சுவர் இன்னும் இளக்கம் என்பதால் இந்தப் பாடம் அவர்களுக்கே அதிகம் பொருந்தும்.

ஆணையம் மூன்று விதிகளைச் சொன்னது. நிமோனியா தணியும் முன் நெஞ்சைத் திறந்துவைக்காதே. பள்ளத்தைச் சீக்கிரம் சுத்தமாக்கி நுரையீரலை விரியவைத்து மூடு. நோயாளிக்கு நன்றாகச் சாப்பாடு கொடு. மூன்றாவதை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள். வடிந்து போகும் சீழெல்லாம் உடலின் புரதம்தான். ஐசிடி போட்ட குழந்தைக்கு முட்டையும் பாலும் எழுதித் தரும் டாக்டருக்கு 1918-இன் அனுபவமும் துணை நிற்கிறது. வர்ஜீனியாவின் கேம்ப் லீ முகாமில் இந்த முறைக்கு மாறியபோது சாவு 4.3 சதவீதமாக இறங்கியது. ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லாத காலத்தில், மூடிய வடிகாலும் பொறுமையும் சோறும் மட்டுமே செய்த வேலை இது. கிரஹாம் பிற்பாடு 1933-இல் புற்றுநோய் கண்ட முழு நுரையீரலை எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் மருத்துவர் ஆனார். 1950-இல் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். தாமே புகைத்தவர், 1957-இல் அதே புற்றால் இறந்தார்.

பெனிசிலின் வந்த பிறகு இந்தப் பாட்டிலுக்கு வேலை போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். வேலை குறைந்தது, போகவில்லை. மருந்து ரத்தத்தில் ஓடும், தடுப்புகள் கட்டிய சீழுக்குள் சரியாக எட்டாது. குழாயும் அந்தத் தடுப்பறைகளில் ஒன்றைத்தான் வடிக்கும். இங்கே கதையில் ஒரு வேடிக்கையான திருப்பம் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே ஃபைப்ரினைக் கரைக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1933-இல் வில்லியம் டில்லட் கண்டார். 1949-இல் அவரும் சால் ஷெர்ரியும் அந்த ஸ்ட்ரெப்டோகைனேஸை நெஞ்சுக்குழாய் வழியாக உள்ளே விட்டுச் சீழ்த் தடுப்புகளைக் கரைத்துக் காட்டினார்கள். முகாம் பையன்களைக் கொன்ற கிருமியின் கையிருப்பிலிருந்தே மருந்து கிடைத்தது. குழந்தைகளுக்கு இப்போது யூரோகைனேஸ் போன்றவை கொடுக்கிறார்கள். 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் யூரோகைனேஸ் பெற்ற குழந்தைகள் சராசரியாக 7.4 நாளில் வீடு திரும்பினார்கள், பெறாதவர்களுக்கு 9.5 நாள் ஆனது. கேமரா வைத்து அறுவை செய்வதோடு ஒப்பிட்ட 2006-ஆம் ஆண்டு லண்டன் ஆய்விலும், குழாயும் யூரோகைனேஸும் அதற்குச் சளைக்கவில்லை, செலவும் குறைவு. குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு நல்ல செய்தி, பிழைத்துவிட்டால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் எக்ஸ்ரேயே பழையபடி ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கு அந்த யோகம் குறைவு.

பாட்டிலுக்கு இன்னொரு பயனும் உண்டு, அது பேசும். வார்டு ரவுண்ட்ஸில் "காலம் மூவ்மென்ட் இருக்கா?" என்று கேட்பது குழாயிலுள்ள நீர்த்தண்டு மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்பதைத்தான். அசைவு நின்றால், நுரையீரல் முழுக்க விரிந்திருக்கலாம், குழாய் அடைத்துக்கொண்டும் இருக்கலாம். எக்ஸ்ரேதான் தீர்ப்புச் சொல்லும். நாள்கணக்கில் குமிழி வந்துகொண்டே இருந்தால் நுரையீரலின் ஒரு பகுதி அழுகி, மூச்சுக்குழாயிலிருந்து நேராகக் காற்று கசிகிறது என்று பொருளாக இருக்கலாம். அப்போது குழாய்க்குக் கிடுக்கி போடக் கூடாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே சேர்ந்து, சில நிமிடங்களில் இதயத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும்.

பாட்டிலுக்கு இரண்டாவது பிறவி ஒன்றும் உண்டு. அங்கே ஆழத்தின் வேலை தலைகீழ். நெஞ்சுக்கூட்டை வடிக்கும் குழாயில் குறைவாக இருக்க வேண்டிய ஆழத்தை, மூச்சு விடும் குழாயில் வேண்டுமென்றே கூட்டினால் நுரையீரல் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கலாம். குறைமாதக் குழந்தைகள் முனகுவதே உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கத்தான் என்ற புரிதலில் 1971-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிரெகரி இத்தகைய தொடர் அழுத்தத்தைச் சிகிச்சையாக்கினார். நியூயார்க்கில் ஜென்-டியன் வுங் அதைத் தண்ணீரில் குமிழிவிடும் குழாயாக எளிமைப்படுத்தினார். டாக்காவின் ஐசிடிடிஆர்,பி மருத்துவமனையில் முகமது ஜொபாயர் சிஸ்டி, மூச்சுக்கருவி வாங்க வழியில்லாத நிலையில், காலி ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிமோனியா குழந்தைகளுக்கு அதைச் செய்தார். 2015-இல் லான்செட்டில் வெளியான அவருடைய ஆய்வில், குமிழிமுறை பெற்ற 79 குழந்தைகளில் 3 பேர் இறந்தார்கள். மூக்குக் குழாயில் வழக்கமான ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

ஷாம்பு பாட்டில் கதையை உலகம் விரும்பிச் சொல்கிறது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. மலாவி நாட்டின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இதேபோன்ற குமிழிமுறையை, ஊட்டக்குறைவும் எச்ஐவி பாதிப்பும் கொண்ட குழந்தைகள் உள்ளிட்ட 644 பேரிடம் சோதித்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவில், குமிழிமுறை பெற்றவர்களில் 17 சதவீதமும் வெறும் ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். டாக்காவில் தேர்ந்த டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். மலாவி வார்டில் தினசரி டாக்டர் மேற்பார்வையே கிடையாது. பாட்டிலின் விலையைக் கணக்கிடுபவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சிஸ்டரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2019-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7,40,000 குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பங்கு இப்படி ஆள் இல்லாத வார்டுகள் உள்ள நாடுகளில்.

சீழே கட்டாமல் தடுப்பதற்குத்தான் நிமோகாக்கல் தடுப்பூசி. அமெரிக்காவில் 2000-இல் ஏழு வகை நிமோகாக்கஸுக்கான ஊசி வந்தபோது நிமோனியா குறைந்தது, ஆனால் குழந்தைகளின் எம்பயமா கூடிக்கொண்டுதான் போனது. ஊசியில் இல்லாத 1, 3, 19ஏ போன்ற வகைகள் முன்னுக்கு வந்திருந்தன. 2010-இல் பதின்மூன்று வகை ஊசி வந்த பின்தான் அது இறங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 முதல் நிமோகாக்கல் ஊசி அரசுத் திட்டத்தில் இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று மூன்று தவணை. இந்தியாவிலேயே செய்த பத்து வகை ஊசியில் 1-ம் 19ஏ-யும் இருக்கின்றன, 3 இல்லை. சிரங்கிலிருந்தும் அம்மைக்குப் பின்னும் நுரையீரலுக்கு இறங்கி, பச்சிளம் குழந்தைகளின் நெஞ்சில் சீழும் காற்றும் சேர்ந்தே நிரம்பச் செய்யும் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு எந்த நாட்டிலும் இன்னும் தடுப்பூசி கிடையாது. அந்தக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் முதல் நாளே குழாயும் பாட்டிலும்தான்.